டிசோட்டோவின் பல்

கென்டக்கியில் ஒரு கோழிக் கொட்டகைக்குள் கிடந்த கடைசி டிசோட்டோ காரையும் பார்த்துவிட்டு வெர்லின் ஸ்டௌட் வீடு திரும்பியபோது, அவர் மனைவி மார்லிஸ் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்:

"பல்லு எல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒவ்வொரு பல்லு மேலயும் கோழி எச்சம். லெஸ்லி பொறக்கறதுக்கு முன்னாடியே அந்த வண்டி ஓடறத நிறுத்திடுச்சு."

"அப்ப அவ்வளவுதானே?"

வெர்லின் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான் என்று அவருக்கும் தெரியும். பார்க்க இனி டிசோட்டோ இல்லை.

லெஸ்லி அவர்களுடைய ஒரே மகள். பத்தொன்பது வயதில் போய்விட்டாள். அந்தக் கோடையில் எங்கள் ஊர் மெல்வாவின் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை என்றால் அந்தக் கடை வாசல் மைதானத்தில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். க்ரூஸ் நைட், அதாவது ராத்திரி வண்டியில் ஊர் சுற்றுவது என்று பெயர். ஆனால் எல்லாரும் சாப்பாட்டு நேரத்துக்கே வந்து, வண்டியின் முன்மூடியைத் திறந்துவைத்து, மடக்கு நாற்காலி போட்டுப் பின்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடித்து, குவாரி ரோடு வழியாக வீட்டுக்கு நடந்து வந்தவளை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பார்த்தவர் யாரும் இல்லை.

உடனே உயிர் போகவில்லை, கொஞ்ச நேரம் இருந்திருப்பாள் என்று பிணப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாரோ என்னவோ! அந்த ஒரு வார்த்தைதான் அந்த வீட்டைத் தின்றது. கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? அந்த நேரத்தில் பிள்ளை கூப்பிட்டாளா? அடித்தவன் இறங்கிப் பார்த்தானா? இருட்டில் தன்னந்தனியாகக் கிடந்தாளா? வெர்லினுக்கு அந்த ஆளைச் சிறையில் போட வேண்டும் என்ற வெறிகூட நாளாவட்டத்தில் அடங்கிவிட்டது. கேள்வி மட்டும் அடங்கவில்லை. அதற்குப் பதில் சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான்.

போலீஸ் தேடி ஓய்ந்த பிறகு, வெர்லினே போய்க் குவாரி ரோட்டுப் பள்ளத்துப் புல்லில் மண்டியிட்டுத் தேடினார். ஒரு சாண் நீளத்துக்கு, வளைந்து, கையில் கனக்கும் ஓர் இரும்புத்துண்டு கிடைத்தது. வெள்ளி போல மின்னும் முலாம். பின்புறம் ஒரு போல்ட்டு. ஷெரிஃப் ஆபீஸில் அதைப் படம் எடுத்துக்கொண்டு, "இதப் பத்தி வெளிய மூச்சு விடாதீங்க. ஆளு உஷாராயிடுவான்" என்றார்கள். அவர்களும் கடிதம் போட்டார்கள், கேட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். வெர்லின் மட்டும் அந்த வாக்கைக் கோயில் கட்டளை போலக் காப்பாற்றினார். மார்லிஸைத் தவிர ஊரில் ஒரு ஜீவனுக்கும் அந்தத் துண்டைப் பற்றித் தெரியாது.

வெர்லின் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பழைய காருக்கும் அவருக்கும், கற்பூர வாசனைக்கும் கழுதைக்கும் உள்ள பொருத்தம்தான். ஆனால் வைராக்கியம் பிடித்தவனுக்குப் படிப்பு வராதா என்ன? பழைய கையேடுகளைத் தேடிப் பிடித்துப் படித்துப் படித்து, அது ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்த டிசோட்டோ காரின் முகப்புப் பல் என்று கண்டுபிடித்தார். அந்தக் காரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் வாய் நிறையப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதில் ஒரு பல்தான் லெஸ்லி கிடந்த பள்ளத்தில் விழுந்திருக்கிறது.

சும்மா நின்று வண்டி வண்டியாக முறைத்துப் பார்த்தால் என்ன ஏது என்று கேட்பார்கள். கழுத்தில் கேமரா இருந்தால், வா வா என்று நாற்காலியை நகர்த்தி வழி விடுவார்கள். அதனால் கேமரா வாங்கினார். வெள்ளிக்கிழமை தவறாமல் மெல்வா கடை வாசலுக்குப் போனார். மற்ற நாளில் மற்ற ஊர்கள். படம் எடுப்பார், கழுவிப் பிரதி போட்டு அடுத்த வாரம் சொந்தக்காரர் கையில் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். தங்கமான மனுஷன் என்று ஊர் சொல்லிற்று. அவர் வீட்டில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு படத்திலும் முகப்பைத் துழாவியது ஊருக்கு எங்கே தெரியப்போகிறது?

போகப் போக அந்த அறிவு அவரை நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஐம்பத்தாறாம் வருடத்துச் செவர்லே என்று யாராவது பெருமை அடித்தால், நேரே பின்னால் போய் இடப்பக்க விளக்கைத் தொடாமல் குனிந்து பார்ப்பார். பெட்ரோல் ஊற்றும் வாய் அந்த விளக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தால்தான் ஒத்துக்கொள்வார். ஒரு திருகாணி வேறு வருடத்தது என்றாலும் முகம் சுளிக்கும். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்கிற வண்டிதான் வண்டி. கூரையை வெட்டித் தாழ்த்தி, கதவுப் பிடியைப் பிடுங்கி, ஒரு காரின் வாலை இன்னொரு காருக்கு ஒட்டவைக்கிறார்களே, அவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

"யோவ் வெர்ல், அந்தப் பக்கமும் நாலு படம் எடுத்தா உன் கேமராவுக்குத் தீட்டுப் பட்டுடுமா?" என்று மைக்கில் பாட்டுப் போடும் ஸ்டூ அடிக்கடி சீண்டுவான்.

"அது காரு இல்ல, ஸ்டூ. அவியல்."

"அவியல் ருசியா இருக்கும்யா!"

"நீ தின்னு."

அந்த அவியல்காரர்கள் டிசோட்டோவின் பல்லைப் பிடுங்கித் தங்கள் வண்டிகளுக்கு வைப்பது உண்டு என்பது வெர்லினுக்குத் தெரியாதா? தெரியும். அதையும் யோசித்தார். பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்புற போல்ட்டு முழுசாக இருந்தது. ரம்பம் பட்ட தடமே இல்லை. 'இவனுங்க எதையும் வெட்டாம வைக்கத் தெரியாதவனுங்க. இது கம்பெனி வண்டிப் பல்லுதான்' என்று முடிவு கட்டிவிட்டார். ஒன்றும் படிக்காமல் இருந்திருந்தால் எல்லா வண்டியையும் பார்த்திருப்பார். படித்த படிப்பு பாதி மைதானத்தை அவர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

மெல்வா கடை வாசலில் இரண்டு வரிசைதான். கடையோரமாக அசல் வண்டிகள், எதிரே வேலியோரமாக வெட்டி ஒட்டிய வண்டிகள். நீளமான பியூக்கோ பேக்கார்டோ வந்தால் முழு வண்டியும் படத்துக்குள் அடங்க, வெர்லின் கேமராவைக் கண்ணில் வைத்தபடியே பின்னால் நடப்பார். நடந்து நடந்து வேலியோர வண்டிகள்மேல் இடிக்கப்போவார். அப்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"பாத்து, வெர்லின்."

"ம்."

அது வெண்டல் ஹேகடார்ன். வீடுகளுக்குக் கூரை வேய்கிற ஆள், அதிகம் பேசாதவர். கறுஞ்சிவப்பில் ஒரு மெர்க்குரி கார் வைத்திருந்தார். கூரை வெட்டினது, கைப்பிடி இல்லாதது; வெர்லின் திரும்பிப் பார்க்காததற்கு அந்த நிறமும் அந்தக் கூரையும் ஓரக்கண்ணில் பட்டதே போதும். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவர்களுக்குள் பேச்சே நடந்ததில்லை.

டிசோட்டோ டிசோட்டோவாகத் துரத்தி வெர்லின் பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்தியானாவில் ஒரு கிழவரின் வண்டியில் ஒரு பல் மட்டும் புது முலாமாக இருக்கக் கண்டு, "எம் பொண்ணு கூப்பிட்டாளா, சொல்லுடா!" என்று அந்த மனிதரின் சட்டையைப் பிடித்துவிட்டார். அந்தக் கிழவர் அந்தக் கோடை முழுக்க ஆஸ்பத்திரியில் இடுப்பு ஒடிந்து கிடந்தவர். வெர்லின் அவரிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார். அதற்குப் பிறகும் விடவில்லை. இதயத்துக்கு மாத்திரை வந்தது, முட்டி தேய்ந்தது, மார்லிஸ் வெள்ளிக்கிழமைகளில் தனியாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டாள்.

கோழிக் கொட்டகையிலிருந்து திரும்பிய அன்று அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காம கேளு. எம் பொண்ண ஒருத்தன் கொன்னான். எம் புருஷன இந்தப் பல்லு கொன்னுக்கிட்டு இருக்கு. ரெண்டு பேரையும் கொடுத்துட்டு நான் மட்டும் இந்த வீட்டுல என்னத்துக்கு?"

"தேடாம எப்படி இருக்கறது மார்லிஸ்? அவ தனியா கெடந்தாளான்னு..."

"எனக்கும்தான் தெரியணும்! நீ மட்டும்தான் பெத்தியா?" அவள் குரல் உடைந்தது. "ஆனா இனி யாரப் போய்ப் பாப்ப? இந்த வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்க. கேமராவ வித்துடு. என்கூட உக்காந்து சாப்பிடு."

வெர்லின் தலையாட்டினார். சம்மதித்து ஆட்டவில்லை, வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல் ஆட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல வெயில். வெங்காய வளையம் பொரிக்கிற வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து மைதானம் முழுக்கப் பரவியிருந்தது. வெர்லின் ஒரு ஸ்டூடிபேக்கர் காரைப் படம் எடுத்தார். ஏன் எடுக்கிறோம் என்றே தெரியவில்லை. கேமராப் பையின் அடியில், லெஸ்லியின் பழைய காலுறைக்குள் அந்தப் பல் கனத்தது. இன்றைக்குப் போகும்போது ஆற்றில் வீசிவிடலாமா என்று நினைத்தார். உடனே பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வெர்லின், ஒரு நிமிஷம் வருவீங்களா?"

பெண் குரல். வேலியோரத்திலிருந்து. திரும்பாமலே, "அந்தப் பக்கம் நான் எடுக்கறதில்லம்மா" என்றார்.

"தெரியும். வெண்டல் சொல்லிக்கிட்டே இருப்பார். நான் அவர் சம்சாரம், டோரீன். அவர் போன குளிர்காலத்துல போயிட்டார், உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. வண்டிய விக்கணும். ஒரே ஒரு நல்ல படம் வேணும்."

ஸ்டூ மைக்கை மூடிக்கொண்டு, "போய்யா, செத்தவன் பேரால ஒரு புண்ணியம் பண்ணு" என்று அதட்டினான்.

இனி எதைக் காப்பாற்ற என்று வெர்லினுக்கும் தோன்றிவிட்டது. திரும்பினார்.

அத்தனை காலம் அவர் முதுகு இடிக்கப்போன வண்டி அது. தாழ்ந்த கூரை, கறுஞ்சிவப்பு, கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டை. முகப்பில் மெர்க்குரிக்கு உரிய கம்பிகள் இல்லை. டிசோட்டோவின் பற்கள் வரிசையாக மின்னின. வலது ஓரத்தில் ஒரு பல் இல்லை.

வெர்லின் மெல்லக் குனிந்து, தேய்ந்த முட்டியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார்.

"அது ஒண்ணுதான் குறை," என்று டோரீன் பேசிக்கொண்டே போனாள். "எத்தனையோ தடவ சொல்லிட்டேன், பழைய சாமான் சந்தையில ஒண்ணு வாங்கி மாட்டுங்கன்னு. கேக்கமாட்டார். அப்படியே இருக்கட்டும்பார். நம்ம வரிசையில யாரு கேக்கப் போறா, எல்லா வண்டியும் அரைகுறைதானே?"

"எப்படிப் போச்சு?" வெர்லின் கேட்டார்.

"மான் மேல இடிச்சுட்டார். ரொம்ப வருஷம் ஆச்சு. வீட்டுக்கு வரவே இல்ல, நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். வந்தா சட்டையெல்லாம் ரத்தம். என்னன்னு கேட்டா, அது சாகற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன் டோரீன், விட்டுட்டு வர முடியல, தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன்னு தேம்பித் தேம்பி அழறார். ஒரு மானுக்கு அப்படி அழுத மனுஷன நீங்க பாத்திருக்க மாட்டீங்க. அதுக்கப்புறம் மூணு வருஷம் வண்டியத் தொடவே இல்ல. தொட்டதும் நேரா இங்கதான் கொண்டுவந்தார். இந்த எடத்துலதான் நிறுத்தணும், வெர்லின் நிக்கிற எடத்துக்கு நேர் பின்னாலன்னு அடம். வேற யாராவது நிறுத்திட்டா முகம் தொங்கிடும். நீங்க ஒரு படம் எடுக்கமாட்டீங்களான்னு ஏங்கறார்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

வெர்லின் பையைத் திறந்தார். காலுறையை உருவினார். பல்லை எடுத்து அந்த இடைவெளியில் வைத்து அழுத்தினார். போல்ட்டு துளையைத் தேடவே இல்லை. தன் வீட்டுக்குள் போவதுபோல உள்ளே போய் உட்கார்ந்தது. அறுக்காமல், வெட்டாமல், வெண்டல் டிசோட்டோவின் முகப்பை முழுசாகக் கழற்றி மெர்க்குரியில் பொருத்தியிருக்கிறான். அவ்வளவு சுத்தமான கை. வெட்டத்தான் தெரியும் என்று எத்தனை ஆண்டு ஏளனம் செய்தோம் என்று நினைத்தபோது வெர்லினுக்கு நெஞ்சு எரிந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாவது போகட்டும். இவர் நெய்ப் பானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அல்லவா ஊர் ஊராக அலைந்திருக்கிறார்!

"அட!" டோரீன் கை தட்டினாள். "அச்சு அசலா பொருந்திடுச்சே! நல்லா இருப்பீங்க வெர்லின், இத எங்க புடிச்சீங்க?" சந்தோஷத்தில் அவர் தோளை அணைத்துக்கொண்டாள்.

அவள் கை தோளில் இருக்கும்போது சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் அத்தனை வருட வாய்ப்பூட்டு அவரைக் கேட்காமலே உடைந்துவிட்டது.

"குவாரி ரோட்டுல. பள்ளத்துல."

"அங்கயா? ஆத்துப் பாலத்துக்கிட்ட மான்னுதான சொன்னார்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். குவாரி ரோட்டுப் பள்ளத்தில் என்ன நடந்தது என்று எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. அவள் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. வண்டியைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், காலுறையைப் பார்த்தாள். அது ஒரு பெண்பிள்ளையின் காலுறை. மடக்கு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியாது வெர்லின்."

"தெரியும்மா. உங்களுக்குத் தெரியாதுன்னு தெரியுது."

"நீங்க பாக்கணும்னுதான் நிறுத்தியிருக்கார். படத்துக்கு இல்ல." வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நீங்க திரும்பவே இல்லையே. ஒரு தடவகூடத் திரும்பலையே!"

அதைக் குற்றமாக அவள் சொல்லவில்லை. ஆனாலும் அது அவரைத் தைத்தது. வாயைத் திறந்து சொல்லத் துணியாத ஒரு கோழை, பார்க்கட்டும் என்று காத்திருந்தான். பார்க்கத் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய இவர் பார்க்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று வெர்லினுக்குத் தெரியவில்லை. அந்த வண்டியின் முகப்பில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கைதான் கிழிந்தது. ஸ்டூ மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வெர்லின் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பல் அதன் இடத்திலேயே இருந்தது.

வீட்டில் மார்லிஸ் இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தாள். ரத்தம் வழிந்த கையைப் பார்த்தவுடன் ஆள் கிடைத்துவிட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. துணியை நனைத்துக் கையைச் சுற்றினாள். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"செத்துட்டானா?"

"செத்துட்டான்."

"அவ..." மார்லிஸ் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "தனியா இல்லையா?"

"இல்ல. மடியில வச்சுக்கிட்டு இருந்திருக்கான். கடைசி வரைக்கும்."

மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அப்படி ஒரு முகத்தை வெர்லின் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவளுக்காவது ஒரு பதில் கொண்டுவந்து கொடுத்தோம் என்று அவர் நெஞ்சு ஒரு நொடி ஆறியது. பிறகு அவள் கண்ணைத் திறந்தாள்.

"அவ்வளவு நேரம் இருந்தானா?" என்றாள். "குவாரி ரோட்டுலேந்து கூப்பிடு தூரத்துல வீடு இருக்கே, வெர்ல். அவ உசுரோட இருந்தாளே. அவன் ஏன் போய் ஒருத்தரையும் கூட்டிட்டு வரல?"

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெர்லின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.